தங்கவேலை செய்பவருக்கு வெள்ளெழுத்துச் சத்திரசிகிச்சை சரிவருமா?

பட்டறைக்காரன்:
வணக்கம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் தங்கவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 47. தூரப்பார்வையில் ஒரு குறையும் இல்லை. சங்கிலிக் கண்ணியை ஒட்டவைக்கப் பற்றாசு வைத்துத் தீயை ஊத மட்டும் கண்ணாடி இல்லாமல் முடியாது. போட்டாலும் நிம்மதியில்லை. குனிந்தால் வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிடும். இரண்டு கையும் வேலையில் இருக்கும், மூக்கைச் சுழித்துத்தான் மேலே ஏற்றவேண்டும். தாலிக்கொடி செய்யவந்த மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

லண்டன் மச்சான் கண்ணுக்குள் வில்லை மாற்றிக் கண்ணாடியை எறிந்துவிட்டாராம். பலாலியிலிருந்தே சென்னைக்கு விமானம் இருக்கிறதே, போய்ச் செய்துகொண்டு வா என்று அரித்தெடுக்கிறார். வேறு சிலர் லேசர் என்கிறார்கள். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவில் கடை பூட்டி மோட்டார் சைக்கிளில் கோப்பாய்க்குப் போகிறவன் நான்.

பார்வை அளந்தவள்:
தம்பி, கண் பிரிவில் பார்வை அளந்தே இளைப்பாறியவள் நான். வெள்ளெழுத்து வருவது கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகுவதால். லேசிக் என்கிற லேசர் சிகிச்சை கருவிழியைத்தான் சீவும். அந்த இறுக்கத்தைத் தொடாது. ஆகவே லேசரில் பெரும்பாலும் ஒரு கண்ணைத் தூரத்துக்கு விட்டு மற்றதைக் கிட்டத்துக்கு மாற்றுவார்கள். பலருக்கு அது ஒத்துவரும். ஆனால் ஆழம் பிடிபட இரண்டு கண்ணும் ஒத்த தெளிவில் பார்க்கவேண்டும். தீநாக்கு கண்ணிக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று மயிரிழையில் கணிக்கிற உங்களுக்கு அது பெரிய இழப்பு. ஆசை விடவில்லையென்றால் முதலில் கொன்ராக்ட் லென்ஸில் அதே அமைப்பைப் போட்டுச் சில வாரம் பட்டறையில் இருந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

மச்சான் செய்ததுபோல தூரம், நடு, கிட்டம் என்று மூன்று தூரமும் காட்டும் வில்லை வைத்தால், கிட்டப்பார்வை ஏறக்குறைய 40 சென்ரிமீற்றரில் நிற்கும். புத்தகத்துக்கும் போனுக்கும் அது போதும். நீங்கள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்து ஊதுகிறீர்கள்? ஓர் அளவுநாடா எடுத்து அளந்து எழுதுங்கள்.

கருவிழிக்குள் சிறு தகடு பதிக்கும் முறையும் இருந்தது. ரெயின்ட்ராப் என்ற தகட்டுக்கு அமெரிக்காவில் 2016 இல் அனுமதி கிடைத்தது. கருவிழி மங்குகிறது என்று 2018 இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். யாராவது அந்தக் கதை சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இணுவில் அன்ரி:
எனக்குக் கண்புரை வந்தபடியால் எப்படியும் வில்லை மாற்றவேண்டியிருந்தது. அந்த மூன்று தூர வில்லையைத்தான் இரண்டு கண்ணிலும் வைத்தார்கள். தேவாரப் புத்தகம், மருந்துச் சீட்டு எல்லாம் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறேன். மங்கல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க மட்டும் மகளைத்தான் கூப்பிடுகிறேன். இரவில் எதிரே வரும் வாகன விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். தொடக்கத்தில் நல்லூர்த் திருவிழா விளக்குகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்போது குறைந்துவிட்டது, முற்றாகப் போகவில்லை. நான் வாகனம் ஓட்டுவதில்லை. நீங்கள் ஓட்டுகிறீர்கள், யோசியுங்கள்.

மொன்றியல் வாசி:
அண்ணா, எனக்கு லேசரில் ஒரு கண் தூரம், ஒரு கண் கிட்டம். கணினி வேலைக்குச் சோக்காக இருக்கிறது. இரவில் கார் ஓட்டத் தனியாக ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். வயது போகப் போக வில்லை இன்னும் இறுகும், கிட்டப்பார்வை திரும்பக் குறையலாம் என்று முதலிலேயே சொல்லித்தான் செய்தார்கள்.

பட்டறைக்காரன்:
அக்கா, அளந்தேன். ஊதும்போது 28 சென்ரிமீற்றர். கல் பதிக்கும்போது இன்னும் கிட்ட.

பார்வை அளந்தவள்:
நினைத்தது சரி. இவ்வளவு பணம் கொட்டி வில்லை மாற்றிய பிறகும் பட்டறையில் கண்ணாடி வேண்டியிருக்கும். 47 வயதில் உங்கள் சொந்த வில்லையில் மிச்சமிருக்கும் கொஞ்சக் குவியும் சக்தியும் அதோடு போய்விடும். புரையில்லாத கண்ணைத் திறப்பதற்கு இது போதாத காரணம். இப்போதைய கண்ணாடி 40 சென்ரிமீற்றர் வாசிப்புக்கு அளந்ததாகத்தான் இருக்கும். அதனால்தான் வேலையில் திணறுகிறீர்கள். 28க்கு அளந்து இன்னொன்று செய்யுங்கள், காதுக்குப் பின்னால் வளைந்து பிடிக்கும் கம்பிச் சட்டத்தில். வழுக்காது.

பட்டறைக்காரன்:
சரி அக்கா. பிற்காலத்தில் புரை வந்தால்?

பார்வை அளந்தவள்:
அப்போது வில்லை மாற்றத்தான் வேண்டும். ஒரே தூரம் காட்டும் சாதாரண வில்லையை இரண்டு கண்ணிலும் கிட்டத்துக்கு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கண்ணின் பவரை மைனஸ் 3.5 அளவில் விட்டால் ஏறக்குறைய 28 சென்ரிமீற்றரில் தெளிவு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும், வளையத் தொல்லையும் குறைவு. பிறகு கண்ணாடி முக்கியமாக வேண்டியது மோட்டார் சைக்கிள் போன்ற தூரப்பார்வைக்குத்தான். தூரத்தை வைப்பதுதான் வழக்கம் என்பதால், கண்ணை அளக்கும் நாளிலேயே உங்கள் தொழிலை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.