வேலப்பாடி வீட்டார் குழு: ஊட்டிக்குப் போகும் வேன்

குடியாத்தம் அத்தை: ரேவதியின் மாமியார் வீட்டில் இப்போதுதான் பேசினார்கள். ஊட்டியில் நான்கு அறைதானாம்.

செந்தில்: அப்படியானால் ஆறு பேர் வேனில்தான் படுக்க வேண்டும்.

அண்ணி: தை மாதத்திலா? பாட்டியையும் வைத்துக்கொண்டா?

பெரியப்பா: அம்மாவுக்கு அறை. அதில் பேச்சே இல்லை.

குடியாத்தம் அத்தை: அறைகள் எல்லாம் மாடியில், அண்ணா. அம்மாவின் முட்டியை நினைத்துப் பாருங்கள்.

செந்தில்: வேனில் ஹீட்டர் போட்டுவிடலாம். பேட்டரி இருக்கிறதே.

காட்பாடிச் சித்தப்பா: செந்தில், கணக்குப் பார். நம் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெட்டுவிடும். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தையில் புல் மேல் உறைபனி படியும் ஊர். அங்கே சூட்டை உண்டாக்குவதைவிட, இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பதுதான் வேலை. தூங்குகிற ஒரு ஆளின் உடம்பே ஏறத்தாழ 70 வாட் சூடு தருகிறது. ஆறு பேருக்கு 420 வாட். அது தகரம் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் ஓடிப்போகாமல் பார்க்க வேண்டும்.

பெரியப்பா: தகரத்துக்குள் தெர்மாகோல் வைத்திருக்கிறார்கள் அல்லவா?

காட்பாடிச் சித்தப்பா: இல்லை, அண்ணா. நேற்று பலகையைக் கழற்றிப் பார்த்தேன். வண்டியை மாற்றிக் கட்டிய பட்டறைக்காரர் வெறும் தகரத்தின் மேல் பலகையை அறைந்திருக்கிறார். காசு மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார்.

குடியாத்தம் அத்தை: சேவூர் மனையை விற்ற காசு.

பெரியப்பா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

அண்ணி: ஒரு மண் சட்டியில் கரி போட்டுக் கணப்பு வைத்தால்? எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் வைப்பார்கள்.

காட்பாடிச் சித்தப்பா: வேண்டவே வேண்டாம், அம்மா! அது காற்றோடும் ஓட்டு வீடு. மூடிய வண்டிக்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். உள்ளே காஸ் அடுப்பும் எரிக்கக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டும் தூங்கக் கூடாது.

அண்ணி: ஐயோ. சரி, மாமா.

செந்தில்: ஜன்னல் இடுக்கை எல்லாம் டேப் ஒட்டி அடைத்துவிடவா?

காட்பாடிச் சித்தப்பா: கதவு இடுக்கை அடை. கூரை ஜன்னலை மட்டும் இரண்டு விரல் திறந்து வை. நேற்று இரவு நானும் உன் சித்தியும் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வேனிலேயே படுத்துப் பார்த்தோம். விடிந்து பார்த்தால் கூரையில் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு சொட்டு நீர். எல்லாம் எங்கள் மூச்சுதான். இரும்பு வழியாகச் சூடு எங்கே போகிறது என்று அந்தச் சொட்டுகளே புள்ளி வைத்துக் காட்டின. போர்வையின் ஓரமும் நனைந்திருந்தது. அம்மாவுக்கு அந்த ஈரம் ஆகாது.

குடியாத்தம் அத்தை: தம்பி, பனியில் வேனில் படுத்தாயா? உன் சளிக்கு?

காட்பாடிச் சித்தப்பா: அக்கா, கொடைக்கானலுக்குப் போனபோது குளிர் என்று சொல்லி அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வரும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

பெரியப்பா: ம்.

செந்தில்: நான் என்ன வாங்க வேண்டும், சித்தப்பா?

காட்பாடிச் சித்தப்பா: லாங் பஜாரில் ரப்பர் வெந்நீர்ப் பை மூன்று. கொதிக்கும் நீரை ஊற்றாமல், கொஞ்சம் ஆறவைத்து ஊற்றி, துணியில் சுற்றிப் படுக்கைக்குள் வைத்தேன். பத்து மணிக்கு வைத்தது, நான்கு மணிக்கும் வெதுவெதுப்பாக இருந்தது. முன் கண்ணாடிக்கு உள்பக்கம் தெர்மாகோல் வெட்டித் தருகிறேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனத்த திரை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போதே வண்டி ஹீட்டரைத் திறந்துவிட்டால், இன்ஜின் வீணாக்கும் சூட்டில் மெத்தை காய்ந்துவிடும்.

குடியாத்தம் அத்தை: மலை ஏறும்போது ஜன்னலைச் சாத்தினால் எனக்கு வாந்தி வரும்.

அண்ணி: அத்தை முன் இருக்கையில் உட்காரட்டும்.

பெரியப்பா: முன் இருக்கையில் நான். ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா யார் வாங்கி வருகிறீர்கள்? சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது.

செந்தில்: நான் போகிறேன். ஆம்பூரில் பிரியாணி உண்டுதானே?

குடியாத்தம் அத்தை: போகும்போது கவிச்சி கூடாது. திரும்பும்போது.

அண்ணி: இ-பாஸ் எடுத்தாயிற்றா? தண்ணீர்க் கேனுக்குப் பதில் எவர்சில்வர் குடம் வையுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

செந்தில்: இன்று இரவு எடுக்கிறேன்.

காட்பாடிச் சித்தப்பா: பள்ளத்தில் வண்டியை நிறுத்தாதே, செந்தில். குளிர்ந்த காற்று அங்கேதான் இறங்கித் தேங்கும். முன்பக்கம் கிழக்கே பார்க்கட்டும். விடிந்ததும் தெர்மாகோலை எடுத்தால் வெயில் நேரே உள்ளே வரும்.

அண்ணி: பாட்டியிடம் கேட்டேன். “மாடி ஏற மாட்டேன், வேனிலேயே படுத்துக்கொள்கிறேன், காலடியில் மட்டும் கம்பளி போடு” என்கிறார்கள்.

பெரியப்பா: இருந்தாலும் கீழ்த்தளத்தில் ஓர் அறை கிடைக்குமா என்று சம்பந்தியிடம் கேட்கிறேன்.

காட்பாடிச் சித்தப்பா: கேளுங்கள், அண்ணா. நான் தெர்மாகோலை வெட்டியே வைக்கிறேன். தரையில் விரிக்க அம்மாவின் பெரிய ஜமக்காளம் வேண்டும். யாரிடம் இருக்கிறது?

குடியாத்தம் அத்தை: அண்ணன் வீட்டுப் பரணில்.

பெரியப்பா: என்னிடம் இல்லை. பாகம் பிரித்தபோது நீ அல்லவா எடுத்துப் போனாய்?

குடியாத்தம் அத்தை: நானா?