கிரிம்ப்சீக்டெ: ‘சுருக்கு நோய்’ பொருந்துமா?

வணக்கம் ஐயா,

தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ வட்டாரத்தில், நச்சுச்செடி தின்னும் வெள்ளாடுகளுக்கு வரும் கிரிம்ப்சீக்டெ நோயைத் தமிழில் ‘சுருக்கு நோய்’ என்று பெயர்த்திருந்தீர்கள். ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் ‘கிரிம்ப்’ என்றால் சுருங்குதல், ‘சீக்டெ’ என்றால் நோய்; அந்தச் சொல்லுக்கு அது சரி. ஆனால் தமிழில் சுருக்கு என்றால் கயிறுதான் நினைவுக்கு வரும். சிலர் சொல்லும் ‘வலிப்பு’ முற்றிலும் தவறு. நோயின் சாரம் இழுப்பல்ல, தளர்ச்சி. மந்தையைச் சற்றுத் தூரம் ஓட்டினால் தெரிந்துவிடும். நோய்ப்பட்ட ஆடு பின்தங்கும். நான்கு கால்களையும் ஒன்றாகக் கூட்டி, முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். கீழ்த்தாடை தொங்கி நாக்கு வெளியே வரும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். படுத்துவிட்டால் எழ மாட்டாமல் நாள்கணக்கில் கிடக்கும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும்.

என் பரிந்துரை ‘சேர்நஞ்சுத் தளர்வாதம்’. டைலகோடான், கோட்டிலிடன், நம் ரணகள்ளி இனமான கலாஞ்சோ ஆகியவற்றின் சதைப்பற்றுள்ள இலைகளில் பூஃபாடையினோலைடு என்ற நஞ்சு உண்டு. ஒரே வேளையில் நிறையத் தின்றால் இதயம் நிற்கும். வேறு பச்சை இல்லாத காலத்தில் தினமும் நாலு வாய் கடித்தால், வெளியேறுவதைவிடச் சேர்வது மிகுந்து நரம்பையும் தசையையும் தாக்கும். ‘சேர்’ என்ற சொல் இருந்தால்தான், நேற்று ஒன்றும் ஆகவில்லையே என்று அதே காட்டில் மறுபடி மேய்க்க மாட்டார்கள்.

மறுமொழி:

வணக்கம் அம்மா,

‘சேர்நஞ்சு’ அருமை, அப்படியே ஏற்கிறேன். ‘வாதம்’ மட்டும் வேண்டாம். மூட்டுவலி என்று எண்ணெய் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். ‘சேர்நஞ்சுத் தளர்ச்சி’ போதும். பேச்சுக்கு, கேப் பகுதியின் பழைய பெயரான ‘நெண்டா’வும் இருக்கட்டும். 1891-இல் கால்நடை மருத்துவர் ஜொடெல்லோ சோகா, செடிதான் காரணம் என்று ஆடுகளுக்குத் தின்னக் கொடுத்து நிறுவியது அந்தப் பெயரில்தான்.

செடிப் பெயரில் ஒரு சிக்கல். 1978-இல் தாவரவியலாளர் டோல்கென், கோட்டிலிடனின் சில இனங்களை, அப்பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றி டைலகோடான் என்று பிரித்தார். பழைய நூல்களில் இரண்டும் கோட்டிலிடனே. இந்தச் சொல்லுக்கான பதிவில் இரண்டு பெயரும் வேண்டும்.

மருந்தாக, தின்ற உடனே தெரிந்தால் செயலூட்டிய கரி (நஞ்சை உறிஞ்சும் கரித்தூள்) உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம், அதாவது 30 கிலோ ஆட்டுக்கு 60 கிராம், தண்ணீரில் கரைத்துப் புகட்டலாம். தலை தொங்கி, விழுங்கத் திணறும் ஆட்டுக்குப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். அதை ஓட்டாமல், நிழலில் கிடத்தி, கால்நடை மருத்துவரை அழைப்பதே வழி.

டர்பனில் நேர்த்திக்கடனுக்கு ஆடு வாங்குவோருக்காக ஒன்று: செத்த ஆட்டைத் தின்ற நாய்க்கும் இதே தளர்ச்சி வரும், சமைத்தாலும் நஞ்சு அழியாது. ‘இறைச்சியும் நஞ்சு’ என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.