திரும்ப எடுத்த லாட் பாதாம் பால் குடிச்சு 13 பேருக்கு வாந்தி. கம்பெனி நீட்டுற பேப்பர்ல கையெழுத்துப் போடலாமா?

வலங்கைமான்காரன்:
சட்டம் தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் பாருங்க. நாளைக்குச் சாயங்காலம் அந்த ஆள் மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்கார்.

12 நாளைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை, எங்க பொண்ணுக்குக் காதுகுத்து. அய்யனார் கோயில்ல கிடா வெட்டிச் சாப்பாடு. வர்ற பிள்ளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் கொடுக்கலாம்னு கும்பகோணத்துல ஒரு மொத்தக் கடையில பாட்டில் பாதாம் பால் ஒரு பெட்டி வாங்கினேன். 24 பாட்டில், 720 ரூபா. காலையில 11 மணிக்குக் கொடுத்தோம். 1 மணிக்குப் பந்தி. இரண்டரை மணிக்கு முதல்ல என் மச்சினன் பையன் வாந்தி எடுத்தான். சாயங்காலத்துக்குள்ள 13 பேர். பாதிப் பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல டிரிப்ஸ். அம்மாவுக்குச் சுகர் இருக்கு, மயக்கமே வந்துட்டு. கும்பகோணத்துல தனியார் ஆஸ்பத்திரியில 4 நாள், 38,400 ரூபா பில்.

புதன்கிழமை கடைக்காரரே போன் பண்றார், "மிச்சம் பாட்டில் இருந்தா கொண்டாங்க தம்பி, கம்பெனி அந்த லாட்டைத் திரும்ப எடுக்குது"ன்னு. வாட்ஸாப்ல கம்பெனி அனுப்பின நோட்டீஸையும் போட்டுவிட்டார், பேட்ச் நம்பரோட. நேத்து கம்பெனி ஆள் 5,000 ரூபாயும் ரெண்டு பெட்டி ஜூஸும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டார். கூடவே இங்கிலீஷ்ல ஒரு பேப்பர். என்னன்னு கேட்டா "சும்மா ரசீது சார்"ங்கிறார்.

என்கிட்ட இருக்கிறது: ஃப்ரிட்ஜ்ல 3 பாட்டில், கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு ("பா.பால் 1 பெ. 720", அவ்வளவுதான்), ஜிபே கட்டின ஸ்க்ரீன்ஷாட், ஆஸ்பத்திரி பில். இதை வச்சு ஏதாவது ஆகுமா?

வெண்ணாத்தங்கரை:
விடுப்பா. 5,000-த்தை வாங்கிக்கிட்டு அம்மாவைப் பாரு. கோர்ட்டுக்கு நடந்தா செருப்புதான் தேயும்.

கோர்ட்டு வாசல்:
வெண்ணாத்தங்கரை அண்ணே, அந்தச் செருப்புக்கும் சேர்த்துச் செலவுத்தொகை கேக்கலாம்ணே.

தம்பி, நான் வக்கீல். முதல்ல ஒண்ணு: அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதே. "முழுமையான, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்"னு ஒரு வரி அதுல கண்டிப்பா இருக்கும். பணத்தை மட்டும் வாங்கிக்கிட்டுக் கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கலாம்னும் நினைக்காதே. பேப்பரை போட்டோ எடுத்துக்கோ. "வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்"னு மரியாதையா அனுப்பி வை.

உனக்கு ரெண்டு கதவு இருக்கு. ஒண்ணு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதுல தயாரிப்புப் பொறுப்புன்னே தனி அத்தியாயம், 82-லேர்ந்து 87 வரைக்கும். பொருள்ல உற்பத்திக் குறை இருந்து அதனால உனக்குத் தீங்கு வந்துச்சுன்னு காட்டினாப் போதும், பேக்டரிக்குள்ள யார் கவனக்குறைவா இருந்தாங்கன்னு நீ தோண்ட வேண்டியதில்ல. சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள மனு போடணும். நீ கொடுத்த விலை 720 ரூபாய்தானே, 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமே இல்ல. நீ குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், அதனால உனக்குத் திருவாரூர். வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்ல (எங்க ஆளுங்க யாரும் இதைப் படிக்காம இருக்கணும்).

ரெண்டாவது கதவு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006. 65-வது பிரிவுல இழப்பீடு: உயிர் போனா குறைஞ்சது 5 லட்சம், கொடுங்காயம்னா 3 லட்சம் வரை, மத்த பாதிப்புக்கு 1 லட்சம் வரை.

அம்மா காசு கொடுத்து வாங்கலையே, அவங்க எப்படிக் கேக்க முடியும்னு கம்பெனி தரப்பு கேக்கும். இது பழைய கேள்வி. 1928-ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கிற ஊர்ல ஒரு அம்மாவுக்குத் தோழி இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தாங்க. உள்ள தெரியாத பாட்டில். மிச்சத்தை ஊத்தினா அழுகின நத்தை வந்துச்சுன்னு வழக்கு. வாங்காதவங்களுக்கும் தயாரிப்பாளர் பொறுப்புன்னு 1932-ல லண்டன் பிரபுக்கள் சபையில தீர்ப்பாச்சு. சட்டக் கல்லூரியில முதல் வருஷமே மனப்பாடம் பண்ண வச்ச கேஸ். நம்ம சட்டத்துல அந்தச் சுத்தே வேண்டாம், வாங்கினவர் சம்மதத்தோட உபயோகிச்சவரும் நுகர்வோர்தான்.

பழைய ஆய்வகம்:
உணவுப் பகுப்பாய்வு வேலையில இருந்து ஓய்வு பெற்றவன் தம்பி. வக்கீல் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா வழக்கு நிக்கப் போறது பாட்டில்ல.

உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கிற 3 பாட்டிலை நீங்களே லேபுக்குக் கொண்டுபோய், அந்த ரிப்போர்ட்டை வச்சு அவங்க மேல குற்ற வழக்கு நடத்த முடியாது. உணவு பாதுகாப்பு அலுவலர் முறைப்படி எடுத்து, நாலு பங்காக்கி, சீல் வச்ச மாதிரிதான் அதுக்குச் செல்லும். வாங்கினவரே பரிசோதனைக்கு அனுப்ப 40-வது பிரிவுல வழி இருக்கு, ஆனா வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட அதைச் சொல்லியிருக்கணும். காதுகுத்துக்குப் பால் வாங்கப் போற யார் அப்படிச் சொல்வாங்க?

அதுக்காகப் பாட்டிலை வீசிடாதீங்க. பொருள்ல குறையான்னு பார்க்கப் பரிசோதனை வேணும்னா நுகர்வோர் ஆணையமே சீல் வச்சு லேபுக்கு அனுப்பலாம். திறக்காதீங்க, ஃப்ரிட்ஜ்லயே வைங்க, மூடியில இருக்கிற பேட்ச் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. கடைக்காரர் கேட்டாலும் மூணையும் கொடுத்துடாதீங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது, 9444042322 எண்ணுக்கு வாட்ஸாப்ல புகார். தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறை எண் அது. கடை கும்பகோணத்துல, அதனால குடோன் சோதனை தஞ்சாவூர் மாவட்ட நியமன அலுவலர் கையில. உங்க ஊர் திருவாரூர் மாவட்டம். ரெண்டு பேருக்கும் எழுதுங்க, இல்லாட்டி ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவார். அதே லாட்ல ஒரு பெட்டி குடோன்ல கிடந்தாலும் அதுலேர்ந்து மாதிரி எடுக்கலாம், தஞ்சாவூர்லயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு, ரிப்போர்ட்டுக்குச் சட்டப்படி 14 நாள். ஆனா கம்பெனி லாரி வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டா ஒண்ணும் மிஞ்சாது. திரும்ப எடுக்கிறது ஊருக்கு நல்லதுதான், உங்க சாட்சியும் அதே லாரியில ஏறிடும்.

புகார்ல ஒரு வரி சேருங்க: கிருமி மட்டும் பார்த்தாப் போதாது, ஸ்டெபிலோகாக்கஸ் நச்சையும் பாருங்கன்னு. பாலைச் சூடு பண்ணினதுல கிருமி செத்திருக்கும், அது ஏற்கெனவே விட்ட நச்சு அந்தச் சூட்டுக்கு அழியாது.

நைட் டியூட்டி:
டாக்டர் பேசுறேன். யாரும் தொடாத இடம் ஒண்ணு இருக்கு, கிடாக்கறி. கம்பெனி வக்கீல் எழுந்து கேக்கிற முதல் கேள்வி அதுதான். "ஐயா, வெயில்ல வச்ச கறிக்குழம்புன்னு ஏன் இருக்கக்கூடாது?"

நேரத்தை மட்டும் வச்சுப் பதில் சொல்ல முடியாது. ஸ்டெபிலோகாக்கஸ் நச்சுன்னா அரை மணியிலேர்ந்து 8 மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும். பால் 11 மணி, கறி 1 மணி, வாந்தி இரண்டரை மணி. ரெண்டுமே பொருந்துது. அதே சால்மோனெல்லான்னா 6 மணி நேரத்துலேர்ந்து 6 நாள் வரைக்கும் ஆகலாம், அப்ப முந்தின நாள் சாப்பிட்டதும் கணக்குல வரும். கடைசியா வாயில வச்சதுதான் காரணம்னு நோயாளி எல்லாரும் நினைப்பாங்க, பாதி நேரம் தப்பு.

அதனால ஒரு நோட்டுப் புத்தகம் எடு தம்பி. வந்தவங்க ஒவ்வொருத்தரா எழுது. பால் குடிச்சாங்களா, கறி சாப்பிட்டாங்களா, எத்தனை மணிக்கு வாந்தி. முக்கியமா, பால் குடிச்சுக் கறி தொடாதவங்க, கறி சாப்பிட்டுப் பால் குடிக்காதவங்க. இந்த ரெண்டு கூட்டத்தையும் தனியாப் பிரி. மொய் நோட்டு இருக்கும்ல, பேரெல்லாம் அதுல கிடைக்கும்.

அம்மாவுக்கு மலப் பரிசோதனை செஞ்சாங்களா? டிஸ்சார்ஜ் சீட்டுல வெறும் "வயிற்றுப்போக்கு"ன்னு மட்டும் இருந்தா அது கம்பெனிக்கு வசதி. முழு கேஸ் ஷீட்டும் எழுத்துல கேளு, கேட்டு 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்.

நியூஜெர்சி மச்சான்:
இங்கெல்லாம் சுகாதாரத் துறையே மலத்துல கிடைச்ச கிருமியையும் உணவுல கிடைச்ச கிருமியையும் மரபணு வரைக்கும் ஒப்பிட்டுச் சொல்லிடும், 1996-லேர்ந்து அதுக்குன்னே ஒரு வலையமைப்பு இருக்கு. 2008-09-ல சால்மோனெல்லா கலந்த நிலக்கடலை விவகாரத்துல 9 பேர் இறந்தாங்க, அந்தக் கம்பெனித் தலைவருக்கு 2015-ல 28 வருஷம் ஜெயில். ஜெயிச்சா மட்டும் பங்கு எடுத்துக்கிற வக்கீலைப் பிடி மச்சான்.

கோர்ட்டு வாசல்:
அந்தப் பங்கு ஏற்பாடு இங்க வக்கீலுக்குத் தடை சார். அந்த மாதிரி ஒருத்தர் வந்தா ஓடிடு தம்பி.

கொரடாச்சேரி அக்கா:
தம்பி, எங்க வீட்டுல 3 வருஷம் முன்னாடி இதே கதை, வேற பொருள். கம்பெனி திரும்ப எடுத்துச்சுன்னு பேப்பர்லயே வந்துச்சு, அதுவே போதும்னு இருந்துட்டோம். "திரும்ப எடுத்தது உண்மைதான், இவங்க சாப்பிட்டது அந்த லாட்டுதான்னு என்ன ஆதாரம்?"னு கேட்டாங்க பாருங்க, எங்ககிட்ட கவரே இல்ல. குப்பை வண்டியில போயிட்டு. மனு தள்ளுபடி. உங்க துண்டுச் சீட்டுலயும் பேட்ச் நம்பர் இருக்காது. பாட்டில் வந்த அட்டைப்பெட்டி இருக்கா? அதுல அச்சடிச்சிருக்கும்.

வலங்கைமான்காரன்:
அக்கா, பெட்டி இருக்கு. ஆனா அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப அத்தை அதுல வைக்கோல் போட்டுக் கோழியை அடைவச்சுட்டாங்க. 11 முட்டை. இன்னையோட 9 நாள் ஆச்சு. ஸ்டிக்கர் அடிப்பக்கம் இருக்கு. கிளப்பினா முட்டை எல்லாம் கூமுட்டையாயிடும்னு கிட்டவே விட மாட்டேங்கிறாங்க.

இன்னொரு சங்கடம். பாட்டில் மூடியைப் பார்த்தேன். ரெண்டுல நோட்டீஸ்ல வந்த நம்பர். மூணாவதுல வேற நம்பர்.

பழைய ஆய்வகம்:
மொத்தக் கடையில உடைஞ்ச பாட்டிலுக்குப் பதில் வேற பெட்டியிலேர்ந்து எடுத்து வைக்கிறது சகஜம். மறைக்காதீங்க, புகார்லயே எழுதிடுங்க. நீங்களே சொன்னா விவரம், அவங்க கண்டுபிடிச்சா பொய்.

லேபில்ல "குளிர்ச்சியில் வைக்கவும்"னு இருக்கான்னும் பாருங்க. இருந்து, கடைக்காரர் வெளியில அடுக்கி வச்சிருந்தார்னா, தயாரிப்பாளர் சொன்ன முறைக்கு மாறா வச்சதுக்கு அவரும் பொறுப்பு. கம்பெனி கடையைக் காட்டும், கடை உங்க வேனைக் காட்டும். எத்தனை மணிக்கு வாங்கினீங்க, எதுல கொண்டு வந்தீங்க, எல்லாம் இப்பவே எழுதி வைங்க.

வெண்ணாத்தங்கரை:
அடைக்கோழி காலையில ஒரு தடவை இரை பொறுக்க எறங்கும். பத்து நிமிஷம் கிடைக்கும். அப்ப பெட்டியை மெதுவா சாய்ச்சுப் போட்டோ எடு.

(செருப்பு பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.)

வலங்கைமான்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் அந்த ஆள் வந்தார், பேப்பரை போட்டோ எடுத்துக்கிட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். வக்கீல் அண்ணன் சொன்ன வரி மூணாவது பத்தியிலயே இருந்துச்சு. ரெண்டு மாவட்டத்துக்கும் புகார் போயிட்டு. தஞ்சாவூர்லேர்ந்து போன் வந்துச்சு, கடைப் பேரும் விலாசமும் கேட்டாங்க. பாலைக் காலையில 8 மணிக்கு வாங்கினேன். லேபில்ல குளிர்ச்சின்னுதான் போட்டிருக்கு, கடையில வாசல் ஓரமா அடுக்கியிருந்தாங்க.

மொய் நோட்டை வச்சு நானும் என் பொண்டாட்டியும் ராத்திரி 1 மணி வரைக்கும் போன் பண்ணினோம். குடிச்சது 21 பாட்டில், 21 பேர். அதுல 13 பேருக்கு வாந்தி. பால் குடிக்காம கறி மட்டும் சாப்பிட்டவங்க 34 பேர், ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அக்கா மாமியார் சுத்த சைவம், கறிப் பந்தியிலயே உக்காரல, அவங்களுக்கும் வாந்தி. பக்கத்து வீட்டு 3 வயசுக் குழந்தை பாலும் தயிர்சாதமும் மட்டும்தான், அதுக்கும் வாந்தி.

நைட் டியூட்டி:
இதை ஒரு பக்கத்துல கட்டம் போட்டு எழுதி, தேதி போட்டு, அந்த 21 பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கு. ஆஸ்பத்திரிப் பில்லை விட இது கனம்.

கோர்ட்டு வாசல்:
13 பேரும் ஆணையத்தோட அனுமதி வாங்கி ஒரே மனுவாவே போடலாம். முதல்ல கம்பெனிக்கும் கடைக்கும் நோட்டீஸ். அம்மாவோட பில், வேலைக்குப் போகாத நாள், வண்டி வாடகை எல்லாத்துக்கும் தனித்தனிப் பட்டியல் எடு. பெட்டி என்ன ஆச்சு?

வலங்கைமான்காரன்:
காலையில ஏழேகாலுக்குக் கோழி எறங்குச்சு. பெட்டியைச் சாய்ச்சேன், நம்பர் அதேதான், போட்டோ தெளிவா விழுந்திருக்கு. சாய்க்கும்போது ஒரு முட்டை உருண்டு உடைஞ்சிட்டு. அத்தை காலையிலேர்ந்து என்கிட்ட பேசல. அந்தப் பட்டியல்ல முட்டையையும் சேர்க்கணும்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க.