மறு: இனிஷியலைசேஷன் – துவக்கலா, ஆயத்தமாக்கலா?

அனைவருக்கும் வணக்கம். நிரலாக்கத்தில் ஒன்றைப் பணிக்கு முன் தயார்செய்வதை 'இனிஷியலைசேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற விவாதத்துக்கு என் பதில் இது, நண்பர்களின் கருத்துகளை மேற்கோளாகக் கொடுத்திருக்கிறேன்.

> 'துவக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாம். புழங்கும் சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

புழங்குகிறது, சரி. எதற்கெல்லாம் புழங்குகிறது? ஸ்டார்ட், லாஞ்ச், பூட் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். சர்வ்லெட் (வலை வேண்டுகோள்களுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்கூறு) அத்தியாயத்தில் "வழங்கி (சர்வர்) துவங்கும்போது கூறு துவக்கப்படும், துவக்கியபின் பணி துவங்கும்" என்று நானே எழுதிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, இலங்கை நண்பர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி.

நடப்பது இதுதான். கொள்கலன், அதாவது சர்வ்லெட்டுகளை இயக்கும் மென்பொருள், சர்வ்லெட் வகுப்பை (கிளாஸ்) ஏற்றி, அதிலிருந்து ஒரு பொருளைப் (ஆப்ஜெக்ட்) படைக்கிறது. பிறகு அதன் 'இனிட்' முறையை ஒரே ஒரு தடவை அழைக்கிறது. அமைவுக் கோப்பில் எழுதிவைத்த மதிப்புகளைப் படிப்பது, தரவுத்தளத் தொடர்புகளைத் திறந்துவைப்பது போன்ற வேலைகள் அங்கே நடக்கும். அது நல்லபடியாக முடியும்வரை எந்த வேண்டுகோளும் அந்த சர்வ்லெட்டுக்குப் போகாது. இனிட் பிழை எறிந்தால் சர்வ்லெட் பணிக்கே வராது. விடியற்காலையில் டீக்கடைக்காரர் அடுப்பை மூட்டிப் பாலைக் காய்ச்சி வைக்கிறாரே, அந்த வேலை. வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை.

சிலர் ஆள் வந்தபிறகுதான் அடுப்பையே மூட்டுவார்கள். அமைவுக் கோப்பில் 'லோட்-ஆன்-ஸ்டார்ட்அப்' (தொடக்கத்திலேயே ஏற்று) என்னும் மதிப்பைக் கொடுக்காமல் விட்டால், எப்போது ஏற்றுவது என்பது கொள்கலனின் விருப்பம். பெரும்பாலும் முதல் வேண்டுகோள் வரும்வரை அது அசையாது. முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஞாயிறு இரவு வழங்கியை நிறுத்தி ஏற்றுவோம். திங்கள் காலை முதலில் நுழைபவர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிறகு எங்களுக்குத் தொலைபேசி வரும். அந்த ஒரு வரியைச் சேர்த்து 1 என்று போட்டதும் அழைப்பு நின்றது. 0 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருந்தால் செயலி ஏறும்போதே இனிட் நடந்துவிடும். சிறிய எண்ணுக்கு முதலிடம்.

> 'அணியமாக்கல்' தூய தமிழாயிற்றே?

அணியம் என்றால் தயார்நிலை, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் அணியம் என்றால் படகின் முன்பக்கம். அதுகூடப் பெரிய தடையில்லை. நள்ளிரவில் பதிவேட்டைப் (லாக்) புரட்டும் ஒருவர் "கூறு அணியமாகவில்லை" என்ற வரியைப் பார்த்தால் அகராதியைத் தேட வேண்டும். "கூறு ஆயத்தமாகவில்லை" என்றால் அடுத்த நொடியே காரணத்தைத் தேடப் போய்விடுவார். ஆயத்தம் வடசொல் என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

ஆகவே என் முன்மொழிவு 'ஆயத்தமாக்கல்'. வினைக்கு ஆயத்தமாக்கு, கோப்பிலிருந்து வரும் மதிப்புகளுக்கு ஆயத்த அளபுருக்கள் (பாராமீட்டர்கள்). செயலி ஏறும்போதே செய்வதற்கு 'முன்னாயத்தம்' என்னும் சொல் ஈழத்து வழக்கில் ஏற்கெனவே இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்வோம். மாறிக்கு (வேரியபிள்) முதல் மதிப்பு கொடுப்பதை இதில் இழுக்க வேண்டாம். அதற்குத் 'தொடக்க மதிப்பு இடல்' போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அவர்கள் பாடு.

அடுத்து 'டெஸ்ட்ராய்' வரிசையில் நிற்கிறது, சர்வ்லெட்டைப் பணியிலிருந்து விலக்கும்போது கொள்கலன் அழைக்கும் முறை அது. 'அழி' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்: திறந்த தொடர்புகளை மூடி, பிடித்துவைத்ததை விடுவதற்கான இடம் அது. 'கடைகட்டல்' என்று ஒன்று தோன்றுகிறது. சிரிக்காமல் யோசித்துச் சொல்லுங்கள்.