வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பின் துப்பாக்கி வாங்குவது எப்படி? (அமெரிக்கா)

கேள்வி: ஒஹாயோவிலிருந்து டெக்சாஸ் வந்தாச்சு, கிரீன் கார்டு இருக்கு. கைத்துப்பாக்கி வாங்கணும். டிரைவிங் லைசென்ஸில் இன்னும் பழைய முகவரிதான். இப்பவே கடைக்குப் போகலாமா?

பதில்: முதல்ல டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் எடுங்க. கைத்துப்பாக்கியை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்து டீலர் மட்டுமே தர முடியும், வயது 21 ஆகியிருக்கணும். ரைஃபிள், ஷாட்கன் என்றால் விதி கொஞ்சம் தளர்வு. பெரும்பாலோர் சறுக்குவது ஒரே இடத்தில்: புது லைசென்ஸ் தபாலில் வரும்வரை தரும் காகிதத்தில் படம் இல்லாவிட்டால், அது மட்டும் போதாது. கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் கூட்டாட்சிப் படிவம் 4473 கேட்பது படமுள்ள அரசு அடையாள அட்டை, இப்போது குடியிருக்கும் முகவரியோடு. அட்டையில் பழைய முகவரி இருந்தால் அரசு தந்த இன்னொரு ஆவணம், உதாரணமாக வாகனப் பதிவுச் சான்று, சேர்த்துக் காட்டலாம். வாடகை ஒப்பந்தம் அரசு ஆவணம் அல்ல. தபால் பெட்டி எண்ணையும் முகவரியாக எழுதக் கூடாது.

பதில்: கிரீன் கார்டையும் கையில் வைத்திருங்க, அதிலுள்ள யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) எண்ணைப் படிவத்தில் எழுதணும். இதைப் படிக்கும் எச்1பி, எஃப்1 விசாக்காரர்கள் கவனிக்க: உங்களுக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு.

பதில்: பின்னணிச் சோதனை பெரும்பாலும் நிமிடங்களில் முடியும். 'டிலே' என்று வந்தால் பதறாதீங்க, அது மறுப்பு அல்ல. கூட்டாட்சி விதிப்படி 3 வேலை நாள் கடந்தும் பதில் வராவிட்டால் டீலர் தரலாம், ஆனால் கட்டாயமில்லை. இல்லினாய் மாநிலத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே ஃபாய்டு அட்டை (துப்பாக்கி வைத்திருக்க அந்த மாநிலம் தரும் அடையாள அட்டை) எடுக்கணும். டெக்சாஸில் அப்படி அனுமதி அட்டை எதுவும் தேவையில்லை.