மேண்டல் கிரெய்ட்டனின் கடிதங்களை எங்கே தேடுவது?

மீனா_வரலாறு:
வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு. 1886-ல் தொடங்கிய இங்கிலிஷ் ஹிஸ்டாரிக்கல் ரிவ்யூவின் முதல் ஆசிரியர் மேண்டல் கிரெய்ட்டனைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இதழாசிரியராக அவர் எழுதிய கடிதங்கள்தான் எனக்கு வேண்டும். அவர் மனைவி லூயீஸ் 1904-ல் வெளியிட்ட இரண்டு பாக வாழ்க்கை வரலாறு இணையத்தில் கிடைத்தது. அதில் கடிதங்கள் நிறைய இருக்கின்றன. அது மட்டும் போதுமா? வேறு எங்கே தேடுவது என்று பிடிபடவில்லை.

பழந்தாள்:
மீனா, தேடுகிற பெயரை மாற்றிப் பாருங்கள். கடிதம் எழுதியவரிடம் தங்காது, வாங்கியவரிடம்தான் தங்கும். கிரெய்ட்டன் எழுதியவை அவருக்குக் கட்டுரை கொடுத்தவர்களின் பெட்டிகளில் சிதறிக் கிடக்கும். ஆக்டன் பிரபுவிலிருந்து தொடங்குங்கள். முதல் இதழிலேயே ஜெர்மன் வரலாற்றறிஞர்களைப் பற்றி எழுதியவர் அவர். அவருடைய தாள்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

1887-ல் நடந்ததை நீங்கள் விடவே கூடாது. போப்புகளின் வரலாற்றில் 3, 4-ம் பாகங்களை கிரெய்ட்டன் வெளியிட்டார். அவற்றுக்கு அவருடைய இதழிலேயே மதிப்புரை எழுதியவர் ஆக்டன். கிரெய்ட்டன் ஆங்கிலிகன் பாதிரியார், ஆக்டன் கத்தோலிக்கர். ஆனால் போப்புகளை இப்படி மென்மையாக விட்டுவிடலாமா என்று கொதித்தது கத்தோலிக்கர்தான்! ஏப்ரல் 5 அன்று பிரான்சின் கான் நகரிலிருந்து ஆக்டன் எழுதிய கடிதத்தில்தான் அதிகாரம் கெடுக்கும் என்கிற அந்த வரி வருகிறது. மேடைகளில் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். அதிகாரம் கெடுக்கும் இயல்புடையது, முழு அதிகாரம் முழுமையாகக் கெடுக்கும் என்பதுதான் அவர் எழுதியது. அந்த 'இயல்புடையது' எனக்கு முக்கியம். எடை பார்த்துச் சொல் போடுகிறவர் அவர்.

கிரெய்ட்டன் ஏப்ரல் 9 அன்றே பதில் எழுதிவிட்டார். அப்போது அவர் உஸ்டர் பேராலயத்தில் கேனனாகவும், அதாவது அங்கத்திய குருமார்களில் ஒருவராகவும் இருந்தார். நாட்காட்டியைப் பாருங்கள், மறுநாள் ஈஸ்டர். அந்த நேரத்திலும் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார், அதுவும் சண்டைக்குப் போகாமல். மதிப்புரை கொஞ்சம் தணிந்து அதே ஆண்டு அவர் இதழிலேயே வந்தது. தன் புத்தகத்தைக் குறை சொன்ன கட்டுரையைத் தன் கையாலேயே அச்சுக்கு அனுப்பிய ஆசிரியரை நான் மிகவும் மதிக்கிறேன்.

மீனா_வரலாறு:
ரொம்ப நன்றி ஐயா. கேம்பிரிட்ஜ் போக எனக்கு வழியில்லை. லூயீஸ் புத்தகத்தை எவ்வளவு நம்பலாம்?

கதிர்:
நம்பலாம், ஆனால் யார் தேர்ந்தெடுத்தது என்பதை மறக்காதீர்கள். கிரெய்ட்டன் 1901 ஜனவரியில் லண்டன் பிஷப்பாக இருக்கும்போதே இறந்தார். மூன்றே ஆண்டில் மனைவி தொகுத்தது. கடிதம் வாங்கியவர்கள் பலரும் அப்போது உயிரோடு இருந்தார்கள், சங்கடமானதை விட்டிருக்கலாம்.

இன்னொன்று. அந்தக் காலத்துக் கடிதங்களில் ஆண்டு இல்லாமல் கிழமை மட்டும் இருப்பது சகஜம். அப்போது மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். எம்பிள்டன் என்றால் 1884-க்கு முன், அவர் கிராமப் பாதிரியாக இருந்த காலம். உஸ்டர் என்றால் 1885-க்குப் பின். பீட்டர்பரோ என்றால் 1891-ல் பிஷப் ஆன பிறகு, அதாவது இதழை அடுத்த ஆசிரியரான கார்டினரிடம் ஒப்படைத்த சமயம். நான் ஒரு பழைய கடிதக் கட்டை இப்படி முகவரி வாரியாகப் பிரித்துத்தான் வரிசைப்படுத்தினேன். நாலு நாள் பிடித்தது, ஆனால் குழப்பம் தீர்ந்தது.

பழந்தாள்:
கதிர் சொல்வது சரி. மீனா, ஆக்டனின் அந்தக் கடிதம் 1907-ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பின் பின்னிணைப்பில் அச்சாகியிருக்கிறது, பயணம் வேண்டாம். முதலில் ஏப்ரல் 5, அப்புறம் ஏப்ரல் 9, அப்புறம் 1887 இதழில் உள்ள மதிப்புரை. மூன்றையும் ஒரே நாளில் இந்த வரிசையில் படியுங்கள். எந்தக் கடுமை கடிதத்தோடு நின்றது, எது அச்சுவரை வந்தது என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.