பெரிய வீடு குடும்பக் குழு

சுந்தரம்: நம்ம தினேஷ் பாஸ்டு அவுட் டுடே. ஞாயிறு எல்லோரும் வீட்டுக்கு வரவும்.

பிரியா (டல்லாஸ்): ஐயோ பெரிய மாமா! இப்போது கண் விழித்தானா? எந்த ஆஸ்பத்திரி?

முருகன்: அதிர்ச்சி. ஆழ்ந்த இரங்கல். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?

சுந்தரம்: டேய் முருகா, வாயைக் கழுவு. இன்ஜினியரிங் முடித்துவிட்டான். ஞாயிறு மதியச் சாப்பாடு.

லட்சுமி: நல்ல நாளும் அதுவுமாக...

தினேஷ்: நான் நலம் 🙏

கோபால்: பிரியா மேல் தப்பில்லை. ‘பாஸ்’ சாதாரண வினைச்சொல் இல்லை. லத்தீனில் ‘பாஸுஸ்’ என்றால் காலடி. அதிலிருந்து கடப்பது, நகர்த்துவது எல்லாம் வந்தது. பரீட்சையைக் கடந்தால் பாஸ். உப்பை நகர்த்தினால் ‘பாஸ் த சால்ட்’. உலகையே கடந்தால் ‘பாஸ் அவே’. ‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ஆனால் ராணுவப் பயிற்சி முடிப்பதையும் பிரிட்டிஷ்காரன் அப்படித்தான் சொல்வான். பரங்கிமலையில் பாசிங் அவுட் பரேடு நடக்கிறதே, அதுதான். நாம் அதைக் காலேஜுக்கும் இழுத்துக்கொண்டோம்.

வசந்தா: சின்னண்ணன் ரிட்டயர் ஆனாலும் பீரியட் முடியவில்லை.

முருகன்: என்னைப் பத்தாவதில் இரண்டு தடவை உட்கார வைத்ததும் இதே பாஸ்தான் 😂

பிரியா: தினேஷ், ரெஸ்யூமில் ‘இயர் ஆஃப் பாசிங்’ போட்டிருக்கிறாயா? இங்கே படிப்பவர்கள் இறந்த வருஷம் என்று நினைப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ போடு.

தினேஷ்: மூன்று கம்பெனிக்கு அனுப்பியாயிற்று அக்கா.

சுந்தரம்: நான் 1984 பாஸ்டு அவுட் என்று எழுதித்தான் வேலை வாங்கினேன்.

கோபால்: இங்கே செல்லும் அண்ணா. அங்கே செல்லாது. இன்னொன்று, ‘பாஸ் ஆன்’. அடுத்தவர் கையில் கொடுப்பது. சாவதும்

வசந்தா: அம்மாவின் வெண்கல உருளி யார் கைக்குப் பாஸ் ஆன் ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லட்சுமி: பரணில்தான் இருக்கிறது வசந்தா. வந்து எடுத்துக்கொள்.

வசந்தா: பத்து வருஷமாகப் பரணில்தான் இருக்கிறது அண்ணி.

முருகன்: ஞாயிறு மட்டன் உண்டா?

லட்சுமி: அன்று கிருத்திகை.

முருகன்: அப்போ சனிக்கிழமை வைக்கலாமே?

வசந்தா: சனிக்கிழமையா மட்டன்? எங்கள் வீட்டில் தொடமாட்டார்கள்.

கோபால்: ‘பாஸ் அப்’ என்று ஒன்று இருக்கிறது. வந்த வாய்ப்பை விடுவது.

சுந்தரம்: கோபால், நீ வருகிறாயா இல்லையா, அதைச் சொல்.

கோபால்: பார்க்கிறேன் அண்ணா.

லட்சுமி: தலை எண்ணிக்கை யாராவது சொன்னால்தான் அரிசி போட முடியும்.